வெயிட் போடக்கூடாது

எங்க அக்கா புஷ்பவள்ளியப் பத்தி நல்ல விதமா நாலு வார்த்தை சொல்லணும்னுதான் ஆரம்பிக்கிறேன். ஆனா அவளப் பத்திப் பேச வாயத் தொறந்தாலே கோவம்தான் முந்திக்கிட்டு வருது. அதுக்கு நான் என்ன பண்றது?

அவ வடக்க பெக்கோக்ங்கிற சின்ன ஊர்ல இருக்கா. எனக்கு மூணு வயசு மூத்தவ. புருசன் போய்ச் சேந்து ரொம்ப வருசமாச்சு, புள்ளைங்க இல்ல. டவுனுக்குப் பின்னால ஒரு சின்னப் பலகை வீட்ட வாடகைக்கு எடுத்துத் தனியா இருக்கா. தமிழ்ப் பள்ளி வான்ல புள்ளைங்கள ஏத்தி எறக்குற வேலை. சீட்டுல உக்கார வச்சு, பெல்ட்டு மாட்டி, மூக்கு ஒழுகினா தொடச்சு விட்டு, திரும்பி வரும்போது ஒவ்வொண்ணையும் அதது அம்மா கையில புடிச்சுக் குடுத்துட்டுத்தான் மறுபடி வான்ல ஏறுவா. நான் செல்வராணி. பெர்மாஸ் ஜெயாவுல இருக்கேன், பாசிர் கூடாங்ல ஒரு பேக்டரில லைன் லீடர். வாய் இல்லாட்டி அந்த வேலையில ஒரு நாள் ஓட்ட முடியாது. எனக்கு வாய் இருக்கு. அவளுக்குத்தான் ஆண்டவன் குடுக்க மறந்துட்டான்.

சொன்னதச் செய்வா, அதுதான் எங்க அக்கா. ஏன், எதுக்கு, எப்படின்னு கேக்கவே மாட்டா. ஸ்கூல்ல படிக்கிறப்ப ஒரு டீச்சர், நான் வர்ற வரைக்கும் இந்தக் கதவுகிட்டயே நில்லுன்னு சொல்லிட்டு, மறந்து போய் வீட்டுக்குப் போயிட்டாங்க. இவ நின்னா. பெல் அடிச்சு, எல்லாரும் போயி, காவக்கார ஜாகா வந்து கேட்டப் பூட்டப் போற வரைக்கும் நின்னா. நான்தான் தேடிப் போயி இழுத்துட்டு வந்தேன். ஏண்டி, கேக்க வேண்டியதுதானேன்னா, டீச்சர் சொன்னாங்கல்லங்கிறா. கோயில்ல ஒரு தடவ ஆளுக்கு ஒரு கரண்டி பாயசம்தான்னு சொல்லி கரண்டிய இவ கையில குடுத்தாங்க. கோயில் தலைவர் ரெண்டாவது தடவ கப்ப நீட்டுறாரு, ஒரு கரண்டிதான் சொல்லிருக்காங்கன்னு அவரையே திருப்பி அனுப்பிட்டா. கல்யாணத்துக்கும் அப்படித்தான், மாப்பிள்ளை போட்டோவக்கூட சரியாப் பாக்கல, நீங்க சொன்னா சரின்னுட்டா. எங்க வீட்டுல கேள்வி கேட்டா வாயாடின்னு பேரு. அந்தப் பேர நான் வாங்கிக்கிட்டு, அவளுக்கும் சேத்து எல்லாக் கேள்வியையும் நானே கேட்டு முடிச்சிட்டேன்.

போன வருசம் மழைக்காலத்துல ஒரு காலையில, வான் படி ஈரமா இருந்திருக்கு. புள்ளைய எறக்கிட்டு ஏறும்போது வழுக்கி, முட்டிக்குக் கீழ எலும்பு ரெண்டாப் போச்சு. ஆப்பரேஷன் பண்ணி பிளேட்டு வச்சாங்க. அங்க யாரோ ஒருத்தங்க, இவ்ளோ கனமா இருந்தா கால் எப்படித் தாங்கும்னு சொல்லிருக்காங்க போல. அக்கா நல்லா இருப்பா, பாக்கவே ஆள் பெருசா தெரிவா. சின்னதுலேந்தே குண்டு புஷ்பான்னு கூப்பிட்டுப் பழகின ஊரு அது. அதனால அந்த வார்த்தை அவளுக்குப் புதுசா ஒண்ணும் இல்ல. ஆனா மனசுல போயி உக்காந்துக்கிச்சு. இது எனக்கு அப்ப தெரியாது.

தனியா இருக்கிறவ, உடனே வீட்டுக்கு அனுப்ப முடியாதுன்னு எங்க பக்கத்துப் பெரிய டவுன் ஜேபில இருக்கிற ஒரு ரீஹேப் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. மத்த ஆஸ்பத்திரில படுத்துக் கெடன்னு சொல்லுவாங்க, இங்க எழும்பு எழும்புன்னு உயிர எடுப்பாங்க. பசியாறின கையோட எல்லாரையும் ஒரு பெரிய ஹாலுக்குக் கொண்டு போயிருவாங்க. கம்பியப் புடிச்சுக்கிட்டு நடக்கிறவங்க ஒரு பக்கம், பந்த உருட்டுறவங்க ஒரு பக்கம். ஒரு சீனக் கிழவர் காலையிலேந்து ஒரே சட்டைக்குப் பட்டன் போட்டுக்கிட்டு இருப்பாரு. எங்கயும் போய்ச் சேராத மூணு மரப்படி ஒண்ணு ஹால் நடுவுல நிக்கும், ஏறணும் எறங்கணும். சமையல் பழக ஒரு குட்டி அடுப்படி வேற. வேர்த்துக் கொட்டும் எல்லாருக்கும்.

மொத நாளே டாக்டரம்மா தெளிவாச் சொல்லிட்டாங்க. மலாய்க்காரங்க, நல்ல பொறுமை. ஆறு வாரத்துல தானா எழும்பி, தானா குளிச்சு, சமைச்சு, அந்த மூணு படிய ஏறி எறங்கிட்டா அவங்க தனியா இருக்கலாம். முடியலன்னா யாராவது கூட இருந்தே ஆகணும். நான் அங்கயே முடிவு பண்ணிட்டேன். எதுக்கு இந்தத் தலைவலி, என்கூட வந்து இருக்கட்டும். எங்க வீட்டுப் பின் ரூம்ல கெடந்த பழைய சாமான் எல்லாத்தையும் என் வீட்டுக்காரர் தூக்கி வெளிய போட்டாரு. சுவத்துக்குச் சாயம் அடிச்சோம், கட்டிலும் மெத்தையும் வாங்கிப் போட்டேன். அக்காகிட்ட சொன்னேன். சரி ராணின்னா. வேற என்ன சொல்லுவா?

அவளுக்குப் பயிற்சி குடுக்க விஜயன்னு ஒரு பையன். நம்ம புள்ள, சிகாமட் பக்கம். ஆண்ட்டி ஆண்ட்டின்னு உயிர விடுவான். அவன் காலத் தூக்கிக் காட்டி, வாக்கர எப்படி நகத்தணும், நல்ல கால்ல எப்படித் தாவணும்னு சொல்லிக் குடுத்தான். இவளும் அப்படியே செஞ்சா. அடிபட்ட கால் தரையில பட்டதே இல்லன்னு அவனே மெச்சிக்குவான். ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது, மறந்துடாதீங்க ஆண்ட்டி, ஆறு வாரத்துக்கு வெயிட் போடக்கூடாதுன்னு சொல்லி அனுப்புவான். சரி தம்பிம்பா. நானும் பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அப்ப ஒண்ணும் தோணல.

மூணாவது வாரத்துலேந்து தொல்லை ஆரம்பிச்சுச்சு. தையல் போட்ட எடம் மூடவே இல்ல. எப்பப் பாத்தாலும் ஈரம். கன்னம் ரெண்டும் ஒட்டிப் போச்சு, நைட்டி தோள்லேந்து நழுவுது. எனக்கு உள்ளுக்குள்ள பயம் புடிச்சுக்கிச்சு. ரத்தத்துல சத்தே இல்லங்கிறாங்க. சாப்பாட்டுத் தட்டு காலியாத்தானே திரும்பி வருதுன்னு நர்ஸுங்க தலையச் சொறியிறாங்க. நான் வேலை முடிஞ்சு, ஜாம்ல மாட்டி, மீன் சம்பால், முட்டை, ராகிக் கஞ்சின்னு கொண்டு போயி வைக்கிறேன். சாப்பிட்டியா? சாப்பிட்டேன். இன்னும் வேணுமா? போதும் ராணி. அப்புறம் எப்படிடி எளைக்கிறே?

இதுல இன்னொண்ணு. வாரா வாரம் திங்கக்கிழமை எல்லாரையும் நாக்காலி மாதிரி இருக்கிற தராசுல உக்கார வச்சு எடை பாப்பாங்க. எடை கொறஞ்சிருக்குன்னு நர்ஸு மூஞ்சி சுருங்குது. எங்க அக்கா மூஞ்சில அப்படி ஒரு சந்தோசம். பரீச்சைல பாஸான மாதிரி என்னத் திரும்பிப் பாத்துச் சிரிக்கிறா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மூளையில ஏதாவது ஆயிப்போச்சான்னுகூட நெனச்சேன்.

நாலாவது வாரம் டாக்டரம்மா என்னையும் அவளையும் உக்கார வச்சுப் பேசினாங்க. புண்ணு இப்படியே தொறந்து கெடந்து கிருமி போச்சுன்னா பிளேட்டக் கழட்டணும், எலும்பும் சேராது. அப்புறம் தனியா நடக்கிறது, தனியா இருக்கிறது எல்லாத்தையும் மறந்துடணும், காலையே காப்பாத்த முடியுமான்னு பாக்கணும். இத அவங்க மலாய்ல மெதுவா, ஒவ்வொண்ணாச் சொன்னாங்க. அக்கா கைய மடியில வச்சுக்கிட்டுக் கேட்டா. பயந்துட்டான்னு பாத்தாலே தெரிஞ்சுச்சு. பயந்தவ என்ன பண்ணணும்? ஒழுங்காச் சாப்பிடணும். மறுநாள் விஜயன் எனக்குப் போன் பண்றான், ஆண்ட்டி கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கும்போதே மயக்கம் போட்டுட்டாங்கன்னு. நல்லவேளை, அவன் கையிலயே சாஞ்சிருக்கா, கால் அடிபடல.

பாதி வேலையில லீவு சொல்லிட்டு ஓடினேன். வழியில பிரியாணி வாங்கிக்கிட்டேன், இன்னிக்கு நான் ஊட்டியே விடுறதுன்னு. வார்டுக்குள்ள நுழைஞ்சதும் பக்கத்துக் கட்டில் மாக்சிக், அந்த வயசான மலாய்க்காரம்மா, என்னப் பாத்துச் சிரிச்சாங்க. அவங்களுக்கும் கால்தான், இடுப்புகிட்ட. உன் மீன் சம்பால் ரொம்ப நல்லாருக்கு, ஆனா அடுத்த தடவ உறைப்பக் கொஞ்சம் கொறச்சுக்க, என் மக வயித்துக்கு ஒத்துக்கலன்னு மலாய்ல சொல்றாங்க. ஆஸ்பத்திரி சாப்பாட்டயும் உன் அக்கா எங்களுக்கேதான் குடுத்துடறாங்க, தங்கமான மனசுங்கிறாங்க. அந்தம்மா ஒரு சுத்து பெருத்திருந்தாங்க, இப்பத்தான் கவனிச்சேன்.

நான் அக்கா கட்டிலச் சுத்தித் திரைய இழுத்து விட்டேன். விட்டு, வாய்க்கு வந்தபடி கேட்டேன். பட்டினி கெடந்து சாகப் போறியா, நான் நாய் மாதிரி ஓடி வந்து ஆக்கிக் கொட்டுறது ஊருக்கு அன்னதானம் பண்ணவா, உனக்கு மனசுல என்னதான் இருக்கு. அவ படுத்துக்கிட்டு மேல சுத்துற காத்தாடியப் பாத்துக்கிட்டு இருந்தா. கண்ணு ஓரத்துல தண்ணி.

"நீதான் ராணி எனக்குக் கெடுதல் பண்றே," அப்படிங்கிறா. "வெயிட் போடக்கூடாது, வெயிட் போடக்கூடாதுன்னு அந்தத் தம்பி தெனம் தலையால அடிச்சுக்கிறாரு. நீ எண்ணெயும் மீனுமா கொண்டாந்து வைக்கிறே. நான் எப்படி எடை ஏறாம இருப்பேன்?"

நான் கட்டில்லயே உக்காந்துட்டேன்.

கால்ல, அக்கா. கால்ல வெயிட் போடக்கூடாது. காலக் கீழ ஊனி உடம்பு பாரத்த அதுமேல எறக்கக்கூடாதுன்னு சொன்னாங்கடி. நீ குண்டாகக் கூடாதுன்னு எவன் சொன்னான்? அவ நம்பல. அது வேற, இது வேறங்கிறா. காலத் தூக்கிக்கச் சொன்னாங்க, தூக்கிக்கிட்டேன். வெயிட் போடக்கூடாதுன்னாங்க, போடல. எல்லாம் சரியாத்தானே செஞ்சிருக்கேன்? அதான் வாரா வாரம் தராசுல வச்சுப் பாக்கிறாங்களேன்னு எனக்கே பாடம் சொல்றா. புண்ணு ஆறலன்னு டாக்டரம்மா சொன்னதும், நம்ம இன்னும் எளைக்கலன்னுதான் அவளுக்குத் தோணிருக்கு. இருந்த கொஞ்ச நஞ்சத்தையும் நிறுத்திட்டா.

விஜயனக் கூப்பிட்டேன். நான் சொல்லச் சொல்ல அவன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. மத்தவங்ககிட்டல்லாம் மலாய்லதான்கா சொல்லுவேன், ஆண்ட்டி நம்ம ஆளு, தமிழ்ல சொன்னா மனசுல நிக்கும்னு நெனச்சேன்னு தலையில கை வச்சுக்கிட்டான். பக்கத்துக் கட்டில் மாக்சிக்குக்கு அவன் சொன்னது ஜாங்ஙான் பீஜாக், அவ்ளோதான். மிதிக்காதேன்னு அர்த்தம். ரெண்டே வார்த்தை. அந்தம்மா மிதிக்காம, வயிறாரச் சாப்பிட்டுட்டு, எங்க அக்கா பங்கையும் சேத்துச் சாப்பிட்டுட்டு ஜம்முன்னு படுத்திருக்காங்க. நம்ம ஆளுக்கு நம்ம ஆளு நம்ம பாஷைல சொன்னதுல எங்க அக்கா பட்டினி கெடந்தா. இத நான் யார்கிட்ட போயிச் சொல்லி அழறது?

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சேன், அப்படியே அழுதுட்டேன். அவ கையப் புடிச்சுப் பாத்தா வெறும் எலும்பு. ஏண்டி ஒரு வார்த்தை கேக்கல, ஒரே ஒரு வார்த்தை, சோறு திங்கலாமான்னு கேட்டிருந்தா முடிஞ்சு போச்சேன்னு கத்தினேன்.

"ரொம்பப் பசிச்சுச்சு ராணி," அப்படின்னா மெதுவா. "ஆனா ஆறு வாரம் வெயிட் போடாம இருந்தா வீட்டுக்குப் போலாம்னு சொன்னாங்க. அதான் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

போலாம், போலாம், கட்டில் மெத்தையெல்லாம் போட்டு ரெடியா இருக்கு, மொதல்ல சாப்புடுன்னு பிரியாணிப் பொட்டலத்தப் பிரிச்சேன். அவ என்ன ஒரு தடவ பாத்தா. ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் சரின்னுட்டு, குனிஞ்சு சாப்பிட ஆரம்பிச்சா. ஒரு பருக்கை மிச்சம் வைக்கல.

அதுக்கப்புறம் சாப்பாடு, முட்டை, டாக்டரம்மா குடுத்த பால் மாவுன்னு ஒண்ணும் விடல. மாக்சிக்குக்குத்தான் கஷ்டம். புண்ணு ஓரத்துலேந்து காஞ்சு மூட ஆரம்பிச்சுச்சு. ஆறு வாரம்னு சொன்னது ரெண்டு மாசத்தத் தாண்டிருச்சு, போகட்டும். எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்துட்டு, எலும்பு சேருது, இனிமே பாதி பாரம் எறக்கலாம்னாங்க. விஜயன் இப்ப எச்சரிக்கையாயிட்டான். வெயிட்டுங்கிற வார்த்தையவே அவன் வாயில எடுக்கிறதில்ல. வீட்டுல வச்சிருக்கிற மாதிரி ஒரு சின்னத் தராச தரையில போட்டு, அடிபட்ட கால மட்டும் அதுமேல வச்சு அமுத்தச் சொல்லுவான். முள்ளு இந்தக் கோட்டத் தாண்டக்கூடாது ஆண்ட்டின்னு மூணு தடவ சொல்லுவான். சரி தம்பிம்பா. சரின்னா என்ன புரிஞ்சுச்சுன்னு சொல்லுங்கன்னு அவன் திருப்பிக் கேப்பான். அத அவன் கத்துக்கிட்டான்.

அந்தக் குட்டி அடுப்படில வாக்கரப் புடிச்சுக்கிட்டே நின்னு தேத்தண்ணி போட்டா. இன்னொரு நாள் தோசை சுட்டு விஜயனுக்கும் டாக்டரம்மாவுக்கும் குடுத்தா. மூணு படிய ஏறி எறங்கினா. போதும்னாலும் விடாம இன்னும் ஒரு தடவங்கிறா. எனக்கு எதுக்கு இவ்ளோ வேகம்னு புரியல. எங்க வீட்டுல படியே கெடையாது.

கடைசி நாள் டாக்டரம்மா ரூம்ல உக்காந்தோம். அவங்க எல்லாத்தையும் புரட்டிப் பாத்துட்டு, ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க, பொலே பாலேக் ரூமா, வீட்டுக்குப் போலாம்னாங்க. நான் உடனே ஆரம்பிச்சுட்டேன். குளிக்கிற எடத்துல கம்பி அடிக்கணுமா, அடுத்த அப்பாயின்மென்ட் எப்ப, நான் வேலைக்குப் போற நேரத்துல அவ தனியா இருக்கலாமா. பக்கத்துலேந்து ஒரு சத்தம்.

"ரூமா மானா, டாக்டர்?"

எந்த வீட்டுக்கு, டாக்டர்? எங்க அக்காதான் கேட்டா. டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே, உங்க வீட்டுக்குத்தான்னாங்க. என் வீடு பெக்கோக்ல இருக்கு டாக்டர், அங்க நான் தனியாப் போயி இருக்கலாமா, இல்ல தங்கச்சி வீட்டுலதான் இருக்கணுமான்னு கேக்கிறா. வீட்டுக்கு மூணு படிதான், நான் ஏறிட்டேனே. சமைச்சேனே. வான்ல எப்ப ஏறலாம்? கால் இன்னும் எத்தன நாளைக்கு வீங்கும்? வெளிய நாக்காலில காத்துக்கிட்டு இருந்தவங்க எட்டிப் பாக்கிற அளவுக்குக் கேட்டா. இத்தன வருசமாச் சேத்து வச்சிருந்தா போல. டாக்டரம்மா விஜயனப் பாத்தாங்க. அவன் எல்லாம் செய்றாங்க டாக்டர்னான். போலாம், தனியாவே இருக்கலாம், வானுக்கு இன்னும் கொஞ்சம் மாசம் போகட்டும்னு சொல்லிட்டாங்க.

வேற வழி? பெர்மாஸ் ஜெயாவுக்குத் திரும்ப வேண்டிய வண்டிய வடக்குப் பக்கம் ஹைவேக்குத் திருப்பினேன். பின் சீட்டுல வாக்கர் ஆடிக்கிட்டு வருது. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. கட்டில் வாங்கினேன், சாயம் அடிச்சேன், என் வீட்டுக்காரர் முதுகு புடிச்சுக்கிட்டு ரெண்டு நாள் படுத்தாரு. அப்பல்லாம் சரி ராணி, சரி ராணின்னு மண்டைய ஆட்டிட்டு, வீட்டுக்குப் போகணும்னு ஒருத்தி சோறு திங்காமக் கெடப்பாளா? பெக்கோக்குக்குத்தான் போகணும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னடி கேடுன்னு கேட்டேன்.

அவ ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே, கோவமே இல்லாமச் சொன்னா.

"அத நீ கேக்கவே இல்லையே ராணி."